வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு மனையியல்: சந்தை முதல் மின்கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடந்த ஆண்டு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், எங்கள் வீட்டு நால்வருக்குமான ஒரு வாரக் காய்கறி, மீன், முட்டைச் செலவுக்கென்று 1,500 ரூபாயை என் மகன் கையில் கொடுத்து, அந்த வாரம் என்ன சமைப்பது என்பதையும் அவனையே முடிவுசெய்யச் சொன்னேன். அவனுக்கு அப்போது 15 வயது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு வீட்டிலேயே படிக்கிறான். புதன், ஞாயிறு இரண்டு நாளும் சங்கரா மீன் குழம்பு என்று பட்டியல் போட்டுக்கொண்டு கடலூர் முதுநகருக்குச் சைக்கிளில் போனவன், வெறும் பையோடு திரும்பி வந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது துறைமுக ஊரில் வளர்ந்த அவனுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்தத் தடைக்கும் தன் கையிலிருந்த 1,500 ரூபாய்க்கும் தொடர்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாட்டுப்படகில் வந்திருந்த கொஞ்ச மீனுக்கு, அவன் போட்டிருந்த கணக்கைப் போல இரு மடங்கு விலை சொன்னார்களாம். "அம்மா, பட்டியலையே மாத்தணும்மா" என்றான். இந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து வரவழைக்க, அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் நான் படம் வரைந்த அட்டைகளையும் பாடக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு வீணாக முயன்றிருந்தேன்.

அந்த ஓராண்டுத் தோல்வியையும் அதன்பின் கிடைத்த பயனையும் வைத்தே இதை எழுதுகிறேன். நம் மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் என்ற பெயரில் கற்பிக்கப்படும் பாடம் உணவு, உடை, உறைவிடம், குடும்ப வளங்களைக் கையாளுதல், மனித வளர்ச்சி என்று பல கிளைகள் கொண்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாகத் தேர்வெழுதும் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டிலும் இதை ஒரு பாடமாக எடுக்கலாம். பையனுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்களுக்கு அவன் போட்டுக் கொடுத்த காப்பியைக் கொடுத்து அனுப்பினேன்.

தொடங்குவதற்கு முன்பு பெற்றோர் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "வெங்காயத்தை உரிச்சுக் குடு" என்பது உதவி கேட்பது. "இந்த வாரம் அடுப்படி உன் கையில்" என்பது பொறுப்பைக் கொடுப்பது. உதவி செய்யும் பிள்ளைக்கு வெங்காயம் உரிக்க வரும். வெங்காயம் தீர்ந்துபோவதை இரண்டு நாள் முன்பே கவனிக்க வராது. மனையியலில் கற்பிக்க வேண்டியது அந்தக் கவனிப்பைத்தான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும், வீட்டின் ஒரு துறையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, அதற்குரிய பணத்தோடும் தவறு செய்யும் உரிமையோடும் ஒப்படைப்பதே முறை. எரிவாயு, மின்சாரம், கெட்டுப்போன உணவு ஆகிய மூன்றில் மட்டும் நாம் குறுக்கிடலாம். மற்றவற்றில் குழம்பு உப்புக் கரித்தாலும் வாய்மூடிச் சாப்பிடுவது நம் வேலை.

முதற்படி: பதினைந்து நாள் குறிப்பேடு

மளிகைக் கடையில் கிடைக்கும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முதல் 15 நாளும் பிள்ளை எதையும் மாற்ற வேண்டாம். அளந்து எழுதினால் போதும். காலை ஏழு மணிக்கு மின்மீட்டரில் உள்ள எண், தண்ணீர் மோட்டார் ஓடிய நிமிடங்கள், வாங்கிய பால், இரவில் மீந்த உணவின் எடை, எரிவாயு உருளை மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதினாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும். கிராம் அளவுக்குக் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று வேண்டும். இந்தப் பாடத்துக்காக நீங்கள் வாங்க வேண்டிய கருவி அநேகமாக அது ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் தொடங்கும் அளவீடுகளுள் எனக்குப் பிடித்தது உப்புக் கணக்கு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளன்று அதன்மேல் தேதியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேருக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் 31 நாளில் தீர்ந்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம். மீன் கழுவவும் வாழைக்காய் ஊறவைக்கவும் போனதைக் கழித்துவிட்டாலும் அளவு கூடுதல்தான், அதற்குமேல் ஊறுகாயும் அப்பளமும் தனிக்கணக்கு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் தன் பாட்டியிடம் அந்தப் பக்கத்தை அவனே எடுத்துப்போய்க் காட்டினான். அடுத்த பொட்டலம் 38 நாள் வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் படி: சந்தை

இந்தப் படிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள், குறைந்தது ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் நீங்களும் உடன் போங்கள். பிறகு பத்தடி தள்ளி நில்லுங்கள். அதன்பின் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

உழவர் சந்தையில் தொடங்குவது நல்லது. அங்கே அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும், ஆகவே பேரம் பேசத் தெரியாத பிள்ளையும் தடுமாறாது. அந்த விலைகளைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலும் தெருவில் வரும் தள்ளுவண்டியிலும் விலை கேட்டு மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். தள்ளுவண்டியில் கிலோவுக்கு ஐந்தோ பத்தோ கூடுதலாக இருப்பதைப் பார்த்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றும். போய்வரும் நேரம், பேருந்துச் சீட்டு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், கால் கிலோ பச்சைமிளகாய்க்காகச் சந்தைக்குப் போவது நட்டம் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

மீன் வாங்குவதைத் தனிப் பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு இது தெரியாமல் மனையியல் நிறைவடையாது. கண் தெளிவாகவும் சற்றுப் பிதுங்கியும் இருக்க வேண்டும், குழிந்து பால் படிந்தாற்போல் இருக்கக்கூடாது. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்காமல் சதை மேலெழும்ப வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றில் வயிறு உடைந்திருக்கக்கூடாது. இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது தலையாட்டியவன், கடையில் மேலாக இருந்த மீனை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கிலோ எடுத்தான். கூடை வைத்திருந்த அம்மாவே, "தம்பி, அடியில கைய விட்டுப் பாருப்பா, மேல இருக்கறது எல்லாரும்தான் பாப்பாங்க" என்று சிரித்தார். விற்பவரே சொல்லிக்கொடுத்த பாடம் என்பதால் அது மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீனைச் சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் எடை போட வேண்டும். அவன் குறிப்பேட்டின்படி ஒரு கிலோ மத்தி, தலையும் குடலும் செதிலும் போக 610 கிராம் ஆனது. விலையைக் கிலோவால் ஒப்பிடுவது தவறு, வயிற்றுக்குள் போகும் எடையால்தான் ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போகலாம்: பத்து கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய்? துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம், நிலக்கடலையில் 25, மீனின் சதையில் 20, ஒரு முட்டையில் 6, பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து கிராம் புரதம் ஏறத்தாழ 7 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடலை கிலோ 140 என்றால் 5 ரூபாய் 60 காசு. முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால் 10 ரூபாய். மத்தி கிலோ 150 ரூபாய் என்று வைத்து, மேலே சொன்ன 610 கிராமைக் கொண்டு கணக்கிட்டால் 12 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். வஞ்சிரத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் நோட்டை மூடிவிட்டான். நான் எழுதியிருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள், உங்கள் பிள்ளை அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் மலிவே எல்லாம் என்ற முடிவுக்கு அவர்களை விட்டுவிடாதீர்கள். கடலையை மட்டும் தின்று வாழ முடியாது என்பதையும், தானியத்தோடு பருப்பைச் சேர்த்துண்ணும் நம் வழக்கத்தில் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றது ஈடுசெய்கிறது என்பதையும் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். வெறும் கோட்பாடாகச் சொல்லும்போது நழுவிப்போகும் செய்தி, விலைக் கணக்கோடு சேரும்போது பதிகிறது.

பொட்டலப் பொருள்களுக்கு ஒரு நாள் போதும். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று ஐந்து பொட்டலங்களில் தேடச் சொல்லுங்கள். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் நன்று" என்பதற்கும் "இந்தத் தேதிக்குப் பின் பயன்படுத்தக்கூடாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேளுங்கள். பெரியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிக்கு, அச்சிட்ட விலைக்குமேல் ஐந்து ரூபாய் "கூலிங்" என்று வாங்கினார்கள். அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம், குளிரூட்டியதற்கென்று கூடுதலாக வாங்கக்கூடாது என்பதை அங்கேயே அவனுக்குச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 அவன் நோட்டின் பின்னட்டையில் ஏறியது அன்றுதான்.

மூன்றாம் படி: அடுப்படி

பெரும்பாலான வழிகாட்டிகள் சமையற்குறிப்பில் தொடங்கும். நான் மாவில் தொடங்கச் சொல்வேன். இட்லி மாவு, உயிருள்ள ஒன்றைப் பிள்ளை தினமும் கவனிக்கும் வாய்ப்பு. நான்கு பங்கு இட்லியரிசி, ஒரு பங்கு உளுந்து என்று அரைத்து, ஒரே மாவை மூன்று கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவுக்கு நிரப்பி, மாவின் மட்டத்தில் ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். ஒன்றை அடுப்பு மேடையிலும், ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும், ஒன்றை மாடிப்படிக்கடியில் குளிர்ச்சியான இடத்திலும் வைத்து, மணிக்கொரு தரம் மட்டம் எவ்வளவு ஏறியது என்று அளக்கட்டும். சித்திரை வெயிலில் பொழுது விடிவதற்குள் பொங்கி வழியும் மாவு, மார்கழியில் ஏன் விடிந்தும் அசையாமல் கிடக்கிறது என்பது அந்த மூன்று புட்டிகளிலேயே விளங்கிவிடும். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிரிகள், குறிப்பாக லியூகோனோஸ்டாக் வகை, சர்க்கரையைச் சிதைத்து அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, உளுந்து போடாமல் ஒரு புட்டி அரைத்து வைக்கச் சொல்லுங்கள். அது உப்பாது. காரணத்தைப் பிள்ளையே சொல்வான்.

நல்ல நுண்ணுயிரியிலிருந்து கெட்டதற்குப் போவது எளிது. வடித்த சோற்றை மதியம் முழுவதும் மேடையில் விட்டுவிட்டு, மாலையில் தாளித்துச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கினால், அந்த நஞ்சு மறுபடி சூடாக்குவதாலும் போகாது. "சுடவெச்சா சரியாயிடும்" என்பது இந்த விஷயத்தில் பொய்யாவது அதனால்தான். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதே என்ற விதியை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மீந்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது அவன் வேலையாகட்டும். தவறு செய்யும் உரிமை இல்லாத மூன்றில் இதுவும் ஒன்று என்று முன்பே சொன்னேன்.

இதன்பின் சமையல். முதல் மாதத்துக்கு ஐந்து உணவுகள் போதும்: சோறு, ஒரு சாம்பார், ஒரு பொரியல், ஒரு மீன் குழம்பு, கேழ்வரகுக் கூழ். ஒவ்வொன்றையும் நான்கு முறை செய்ய வேண்டும். இருபது உணவை ஒவ்வொரு முறை செய்த பிள்ளைக்குக் கைப்பழக்கம் வராது. நான்காம் முறை மீன் குழம்பு வைக்கும்போதுதான், புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மீனைப் போட வேண்டும் என்பதையும், போட்டபின் கரண்டியால் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும் என்பதையும் என் மகன் கேட்காமலே செய்தான். கீரை சமைக்கும் நாளில் எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்காமலிருப்பதும் இரும்புச் சத்து உடலில் சேர உதவும் என்பதையும் அப்படியே பேச்சுவாக்கில் சொல்லிவிடலாம். வளரும் பெண்பிள்ளை உள்ள வீட்டில் இதை இருமுறை சொல்லுங்கள்.

நான்காம் படி: எரிவாயுவும் மின்சாரமும்

எரிவாயு உருளை வரும் நாளில் பிள்ளையை வாசலில் நிற்கவையுங்கள். உருளையின் கழுத்துப் பகுதியில் வெற்று எடை பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை கிடைக்கும். வெற்று எடை 15.3 என்றால் மொத்தம் 29.5 கிலோ. கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டியது கொண்டுவருபவரின் கடமை. உருளையின் வளையத் தகட்டில் ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். எழுத்துகள் ஏ முதல் டி வரை ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும், எண்கள் ஆண்டைக் குறிக்கும். டி 27 என்றால் 2027 அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அந்த உருளையை மறுசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். அந்தக் காலம் கடந்த உருளையை வாங்கக்கூடாது.

பிறகு ஒத்திகை. "கேஸ் வாடை அடிக்குது" என்று திடீரெனச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை மூடுவது, கதவு சன்னல்களைத் திறப்பது, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் இருப்பது, எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டுபோய் அங்கிருந்து எரிவாயுக் கசிவு உதவி எண் 1906க்கு அழைப்பது என்ற வரிசை தடுமாறாமல் வர வேண்டும். முதல் ஒத்திகையில் என் மகன் முதலில் கை வைத்தது புகை போக்கும் மின்விசிறியின் சுவிட்சில். காற்றைவிடக் கனமான இந்த வாயு தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கும், ஒரு பொறி போதும் என்பதை அன்று விளக்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒத்திகையை நடத்துங்கள்.

மின்சாரத்தில் கணக்கு சுவையானது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். பழைய கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட். நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால், தமிழ்நாட்டில் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறி 28 வாட் என்றால் 27 யூனிட். ஒரே ஒரு விசிறியில் 45 யூனிட் மிச்சம். இந்த 45 யூனிட்டுக்கு எவ்வளவு ரூபாய் என்று கேட்டால் பிள்ளை உடனே பெருக்கிச் சொல்லும். அங்கேதான் பிடி இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை, அதன்பின் படிப்படியாக விகிதம் ஏறுகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விகிதமும் பறிபோய்விடும். ஆகவே 500ஆவது யூனிட்டுக்கும் 501ஆவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. கோடையில் குளிர்சாதனம் ஓடும் வீடுகள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. கடந்த இரண்டு மின்கட்டண அட்டைகளைக் கையில் கொடுத்து, நடப்பு விகிதப் பட்டியலைக் கொண்டு தொகையைத் தானே கணக்கிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு விகிதமும் கணக்கெடுக்கும் காலமும் வேறு, ஆனால் பயிற்சி இதேதான். என் மகன் நாற்பதாம் நாளில் மீட்டரைப் பார்த்து, "இதே வேகத்துல போனா 530 வரும்மா" என்று எச்சரித்தான். அடுத்த இருபது நாள் அனைவரும் ஒரே அறையில் படுத்தோம். ரீடிங் எடுக்க வந்தபோது 488.

மின்பெட்டியில் மின்கசிவு தடுக்கும் கருவி (ஆர்.சி.சி.பி.) இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி அது மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைப் பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: துணி

மஞ்சள் கறையில் தொடங்குங்கள், வேதியியலும் உடன் வந்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் கறையாக்கிச் சோப்புப் போட்டால் அது இரத்தச் சிவப்பாக மாறும், பிள்ளை பதறும். எலுமிச்சை பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவந்து அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. அதே கறையை அலசி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் பெரும்பகுதி வெளிறிவிடும், நிழலில் உலர்த்திய துண்டில் அப்படியே இருக்கும். இரண்டு துண்டையும் குறிப்பேட்டில் சேர்த்துவைக்கட்டும்.

உப்புத் தண்ணீர் வரும் தெருக்களில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஆழ்துளைக் கிணற்று நீரையும் மழைநீரையும் ஒரே மாதிரிப் புட்டிகளில் எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால், மழைநீரில் நுரையும் கிணற்று நீரில் தயிர்போன்ற அழுக்கும் தெரியும். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து படியும் அந்த அழுக்குதான் வெள்ளைச் சட்டைகளைச் சாம்பலாக்குகிறது.

தைப்பதில் மூன்று வேலைகள் கட்டாயம்: பொத்தான் தைப்பது, கால்சட்டையின் அடியை மடித்து எம்மிங் செய்வது, தலையணை உறை தைப்பது. இயந்திரம் இல்லாவிட்டால் உறையைப் பின்தையலாகக் கையாலேயே தைக்கலாம். 18க்கு 28 அங்குலத் தலையணைக்கு, உள்ளே மடிக்கும் ஆறு அங்குல மடிப்பையும் இரு முனையில் ஓரங்குல மடிப்பையும் சேர்த்து 64 அங்குல நீளமும், இரு பக்கத் தையலுக்கு அரையரை அங்குலம் விட்டு 19 அங்குல அகலமும் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு உறைகள் அடுத்தடுத்து அமையும். ஆகவே சுருங்குவதற்கும் சேர்த்து 1.75 மீட்டர் வாங்கினால் இரண்டும் ஆகிவிடும். இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன்பு தாளில் வரைந்து காட்டாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய துணியை ஓரிரவு ஊறவைத்து உலர்த்திவிட்டு வெட்ட வேண்டும். என் மகன் அவசரப்பட்டு வெட்டிய முதல் உறை, ஒரு சலவைக்குப் பின் தலையணைக்குள் போக மறுத்தது. காஜா எடுப்பதெல்லாம் இப்போது வேண்டாம், தையற்காரரிடமே விட்டுவிடலாம்.

ஆறாம் படி: பணம்

வாரச் செலவை நடத்தத் தெரிந்த பிள்ளைக்குச் சேமிப்பைச் சொல்லித்தருவது கடினமில்லை. பத்து வயது நிறைந்தவர் தம் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை நடத்தலாம். அஞ்சலகத் தொடர்வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டுக்குச் சேர்க்கலாம். வாரச் செலவில் மிச்சம் பிடிப்பதில் பாதி அவனுக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரம் ஒன்றை எடுத்து, செயலாக்கக் கட்டணத்தையும், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தில் பணம் அனுப்பத்தான் இரகசிய எண்ணை (PIN) போட வேண்டும், பெறுவதற்கு அது தேவைப்படாது என்ற ஒரு செய்தி தெரிந்திருந்தாலே பாதி மோசடிகளிலிருந்து தப்பலாம். மாட்டிக்கொண்டால் அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930.

ஏழாம் படி: ஐப்பசிக்கு முன்

கடற்கரை மாவட்டத்தில் வீட்டு மேலாண்மை என்றால் புயலையும் சேர்த்துத்தான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் 12 நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது என் மகனுக்கு விவரம் தெரிந்திருந்தது, ஆனால் பொறுப்பு எதுவும் கையில் இல்லை. அதற்கடுத்த புரட்டாசியில் 800 ரூபாயைக் கொடுத்து, மூன்று நாள் வெளியே போகாமல் இருக்க ஏற்பாடு செய் என்றேன்.

தலைக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று குடிக்கவும் சமைக்கவும் 36 லிட்டர் தண்ணீர், பாட்டியின் மாத்திரை 15 நாளைக்கு, ஆவணங்களுக்கு நெகிழி உறை, மின்கலம், தீப்பெட்டி என்று பட்டியல் நீண்டது. ஆனால் அவனை மிகவும் யோசிக்க வைத்தது குளிர்பதனப் பெட்டி. திறக்காமல் வைத்தால் மின்சாரம் போன பிறகு ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். ஆகவே உள்ளே உள்ளவற்றை எந்த வரிசையில் தீர்ப்பது என்று அட்டவணை போட வேண்டும்: முதலில் மீனும் பாலும், அடுத்து சமைத்த உணவு, பிறகு தயிரும் மாவும். மாவு புளித்தால் புளித்த தோசை, தயிர் புளித்தால் மோர்க்குழம்பு என்று எதிரில் எழுதியிருந்தான். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவையும் இந்தப் பக்கத்தில் எழுதவையுங்கள்: சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. பொட்டலக் கரைசல் கைவசம் இருந்தால் அதுவே மேல்.

குறிப்பேட்டைப் பேணுவது

ஒவ்வொரு பொறுப்பும் முடியும்போது மூன்று கேள்விகளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன திட்டமிட்டாய், என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாய். மதிப்பெண் போடாதீர்கள். திறந்தநிலைப் பள்ளியில் மனையியல் எடுக்கும் பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்குரிய பயிற்சிகளை நிறுவனத்தின் செய்முறைக் கையேட்டைப் பார்த்து, இந்தக் குறிப்பேட்டிலிருந்து தனிப் பதிவேட்டுக்கு மாற்றி எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் தவறுகளை எழுதப் பிள்ளை தயங்கும். ரசீது, பொட்டல உறை, கறைத் துணி எல்லாவற்றையும் நோட்டிலேயே சேர்க்கலாம். துணித் துண்டுகளை மட்டும் குண்டூசியால் குத்தாமல் நான்கு தையல் போட்டே இணைக்கச் சொல்லுங்கள், நம் ஊர்க் கடற்காற்றில் குண்டூசி இரண்டே மாதத்தில் துருவேறித் தாளைக் கறையாக்கிவிடும்.